வடகோடும் தென்கோடும்: பிறையின் சாய்வைப் படிக்கும் வழி

2020 மார்ச் 24, அமாவாசை. மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. தெருவில் இறங்க முடியாத மக்கள் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். 26, 27 தேதிகளில் பொழுது சாய்ந்ததும் சென்னையிலிருந்து மேற்கே பார்த்தவர்களுக்கு ஒரு பிறை தெரிந்தது. இரண்டு கொம்புகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க, தரையில் வைத்த கிண்ணம் போல அது நின்றது. அதே நாட்களில் லண்டனிலிருந்து பார்த்தால் பிறையின் வயிறு வலப்பக்கம் சரிந்திருக்கும். சிட்னியிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் சரிந்திருக்கும். மூன்று ஊர்களில் இருக்கும் மூன்று உறவினர்கள் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால், யாரோ ஒருவர் கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்துவிட்டார் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

யாரும் சாய்க்கவில்லை. பார்ப்பவர் எந்த ஊரில் நிற்கிறார், அது எந்த மாதம் என்ற இரண்டு செய்திகளும் பிறையின் சாய்வில் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் படித்தறிய தொலைநோக்கி வேண்டாம். மேற்கே மறைப்பில்லாத ஒரு மாடி போதும். இந்த அத்தியாயம் அதற்கான வழியைச் சொல்கிறது.

முதலில் சில சொற்கள். பிறையின் இரண்டு நுனிகளையும் தமிழ் நெடுங்காலமாகக் 'கோடு' என்று அழைக்கிறது. யானையின் கொம்புக்கும் அதே சொல்தான். வடக்குப் பக்கத்து நுனி வடகோடு, தெற்குப் பக்கத்து நுனி தென்கோடு. மாலையில் மேற்கு நோக்கி நிற்பவருக்கு வலக்கைப் பக்கம் வடக்கு, இடக்கைப் பக்கம் தெற்கு. ஒளிர்ந்து வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கும் பகுதியை இங்கே வயிறு என்று சொல்வோம். 'பிறை சாய்ந்திருக்கிறது' என்பதைவிட 'வடகோடு உயர்ந்திருக்கிறது' என்பது துல்லியமான சொல்லாட்சி. எந்தப் பக்கம், எந்த அளவு என்ற இரண்டையும் பார்க்கச் சொல்லும் சொல் அது.

வில்லும் அம்பும்

பிறையை ஒரு வில்லாக நினைத்துக்கொண்டால் அதில் தொடுத்த அம்பு எப்போதும் சூரியனைத்தான் குறிபார்க்கும். சந்திரனுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரியனைப் பார்த்த பக்கம்தான் வெளிச்சம். ஆகவே வயிறு சூரியன் இருக்கும் திசையைக் காட்டும், கோடுகள் எதிர்த்திசையில் நீளும். சூரியன் மறைந்த பிறகும் இதில் மாற்றமில்லை. அடிவானத்துக்குக் கீழே சூரியன் எங்கே இருக்கிறது என்பதைப் பிறையின் வயிறு சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் கேள்வி எளிதாகிவிடுகிறது. மறைந்த சூரியனுக்கு நேர் மேலே சந்திரன் நின்றால் பிறை மட்டமான படகு. சூரியனுக்கு மேலே, ஆனால் இடப்பக்கம் (தெற்கே) தள்ளி நின்றால் வயிறு வலப்பக்கம் சரியும், வடகோடு உயரும். வலப்பக்கம் (வடக்கே) தள்ளி நின்றால் வயிறு இடப்பக்கம் சரியும், தென்கோடு உயரும். சாய்வு என்று நாம் பார்ப்பதெல்லாம், சூரியன் மறைந்த இடத்திலிருந்து சந்திரன் எந்தப் பக்கம் விலகி நிற்கிறது என்பதன் படம்தான்.

ஏன் அது ஒரு மாதம் இடதும் ஒரு மாதம் வலதுமாக விலக வேண்டும்? இதற்குப் பஞ்சாங்கக் கணக்கே அழகான விடை வைத்திருக்கிறது.

வானத்தில் சந்திரன் ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை கிழக்கே நகர்கிறது. சூரியன் சுமார் 1 பாகை நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி நாளுக்கு ஏறத்தாழ 12 பாகை கூடுகிறது. அந்த 12 பாகைக்கு வைத்த பெயர்தான் திதி. மூன்றாம் திதியான திருதியையில் இடைவெளி 24 முதல் 36 பாகை வரை இருக்கும். நடுவாக 30 என்று வைத்துக்கொள்ளலாம். 30 பாகை என்பது ஒரு ராசி. ஒரு ராசியைக் கடக்கச் சூரியனுக்கு ஒரு மாதம் ஆகும்.

அதாவது, இன்று மூன்றாம் பிறை நிற்கும் இடத்துக்கு அருகில்தான் அடுத்த மாதம் சூரியன் வந்து நிற்கப்போகிறது. இந்த ஒன்றை மனதில் நிறுத்திக்கொண்டால் மீதி எல்லாம் தானே விளங்கும்.

தை முதல் ஆனி வரை சூரியன் வடக்கு நோக்கிப் போகிறது, அதுவே உத்தராயணம். அந்தப் போக்கு மார்ச்சில் மிக வேகமாக இருக்கும். மார்ச் மாதத்து மூன்றாம் பிறை, சூரியனின் ஏப்ரல் மாத இடத்தில் நிற்கிறது. ஏப்ரல் இடம் மார்ச் இடத்தைவிட வடக்கே இருக்கிறது. எனவே பிறையும் சூரியனுக்கு வடக்கே விலகி நிற்கிறது. செப்டம்பரில் சூரியன் விரைந்து தெற்கே இறங்குகிறது. அக்டோபர் இடம் தெற்கே. எனவே செப்டம்பர்ப் பிறையும் சூரியனுக்குத் தெற்கே. ஜூனிலும் டிசம்பரிலும் சூரியன் வடக்கெல்லையிலோ தெற்கெல்லையிலோ திரும்பும் நேரம். பக்கவாட்டு விலகல் அநேகமாக இல்லை. இந்த விலகல் உச்சத்தில் 23.4 பாகை. பூமியின் அச்சு சாய்ந்திருக்கும் அளவும் அதுதான். இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. பருவங்களை உண்டாக்கும் அதே சாய்வுதான் பிறையையும் சாய்க்கிறது.

ஊர் என்ன சேர்க்கிறது

மாதத்தின் பங்கு அவ்வளவு. ஊரின் பங்கு இன்னும் எளிது. பூமத்திய ரேகையில் சூரியனும் நட்சத்திரங்களும் அடிவானத்தில் செங்குத்தாக இறங்கி மறைகின்றன. வடக்கே போகப் போக அவை வலப்பக்கமாகச் சரிந்து இறங்குகின்றன. அந்தச் சரிவை மேல்நோக்கிப் பின்தொடர்ந்தால் அது இடப்பக்கம், அதாவது தெற்கே, சாய்ந்து ஏறும். எத்தனை பாகை? அந்த ஊரின் அட்சரேகை எத்தனையோ அத்தனை. துருவ நட்சத்திரம் அந்த ஊரில் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதே அளவு. கன்னியாகுமரியில் 8 பாகை, யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 10, சென்னையில் 13, டில்லியில் 28½, டொரன்டோவில் சுமார் 44, லண்டனில் 51½.

இனிக் கூட்டலும் கழித்தலும்தான். சென்னையின் 13 பாகை எப்போதும் பிறையைத் தெற்கே இழுக்கிறது. செப்டம்பரில் மாதமும் அதே பக்கம் 23 பாகை இழுக்கிறது, மொத்தம் 36. மார்ச்சில் மாதம் எதிர்ப்பக்கம் 23 பாகை தள்ளுகிறது. ஊரின் 13 போக வடக்கே 10 மிஞ்சுகிறது. ஜூனிலும் டிசம்பரிலும் ஊரின் பங்கான 13, 14 பாகை மட்டும் நிற்கிறது.

பாகையில் சொன்னால் கண்ணுக்குப் பிடிபடாது. கடிகார முகத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். வயிற்றின் நடுப்பகுதி எந்த மணியைக் காட்டுகிறது? மட்டமான படகு என்றால் நேர் கீழே, 6 மணி. செப்டம்பர்ச் சென்னையில் ஐந்து மணியைச் சற்றே தாண்டி நாலின் பக்கம். மார்ச்சுச் சென்னையில் ஆறு மணிக்கும் ஆறரைக்கும் நடுவில் மணிமுள் நிற்கும் இடம். லண்டனில் செப்டம்பருக்கு 51½ உடன் 23½ சேர்ந்து 75 பாகை. வயிறு மூன்றரை மணியைக் காட்டும். அங்கே பிறை படகாகக் கிடக்காமல் எழுந்து நிற்கும். மார்ச்சில் லண்டனிலும் சாய்வு 28 பாகையாகக் குறைந்து, வயிறு ஐந்து மணிக்கு வந்துவிடும். டொரன்டோவில் மார்ச்சில் 20, செப்டம்பரில் 67.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகைகூட வடக்கே இல்லை. ஊரின் இழுப்பு அங்கே அநேகமாகப் பூச்சியம். மாதத்தின் இழுப்பு மட்டுமே. அதனால் மார்ச்சில் வயிறு இடப்பக்கம் 22 பாகை, செப்டம்பரில் வலப்பக்கம் 25 பாகை என்று சமநிலைத் தராசு போல ஆடுகிறது. ஜூனிலும் டிசம்பரிலும் மட்டமான படகு.

சிட்னி தெற்கே 34 பாகையில் இருக்கிறது. அங்கே ஊரின் இழுப்பு நேர் எதிர்ப்பக்கம். மார்ச்சில் இரண்டு இழுப்பும் ஒன்றாகச் சேர்ந்து பிறையை வடக்கே 57 பாகை சாய்த்துவிடுகின்றன. வயிறு இடப்பக்கம் எட்டு மணியை நெருங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் குடியேறியவர் அந்த வளர்பிறையைப் பார்த்தால் தேய்பிறை என்று எண்ணிவிடக்கூடும், அந்த அளவுக்கு இடம் மாறித் தெரியும். செப்டம்பரில் கணக்குத் தலைகீழ். சென்னையில் பிறை மிக அதிகமாகச் சாயும் அதே மாதத்தில் சிட்னியில் அது பத்துப் பாகைச் சாய்வோடு அநேகமாகப் படகாகக் கிடக்கிறது.

சாய்வு உயரத்தையும் தீர்மானிக்கிறது, அதுதான் பார்க்கப் போகிறவருக்கு முக்கியம். செங்குத்தாக ஏறும் பாதையில் 30 பாகை என்றால் 30 பாகை உயரம். படுத்த பாதையில் அந்த 30 பாகையும் அடிவானத்தை ஒட்டியே போய்விடும். சூரியன் மறையும் நேரத்தில் மூன்றாம் பிறை மார்ச்சுச் சென்னையில் 29 பாகை உயரத்தில் இருக்கும், செப்டம்பரில் 24. லண்டனில் மார்ச்சில் 26 பாகை. செப்டம்பரிலோ வெறும் 7. கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. லண்டனின் செப்டம்பர்ப் பிறை ஒரு முட்டி உயரம்கூட இல்லை. எதிர்வீட்டுக் கூரையே மறைத்துவிடும். அங்கே இலையுதிர் காலத்தில் மூன்றாம் பிறை கண்ணில் படவில்லை என்றால் மேகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

தமிழ்நாட்டின் ஒரு வருடம்

தேதிகளைவிடப் பண்டிகைகளைப் பிடித்துக்கொள்வது சுலபம், ஏனென்றால் பெரும்பாலான பண்டிகைகள் சந்திரனோடு கட்டப்பட்டவை.

யுகாதி என்பது பங்குனி அமாவாசைக்கு மறுநாள். அதற்கு ஓரிரு நாள் கழித்து வரும் மூன்றாம் பிறைதான் படகுப் பிறை. பொதுவாகத் தென்கோடு சற்று உயர்ந்திருக்கும். ஆவணியில் விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய மாலை வருவது வருடத்திலேயே மிக அதிகம் சாயும் பிறைகளில் ஒன்று. சதுர்த்தியன்று நிலவைப் பார்க்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள வீடுகளிலும் முந்தைய மாலைக்குத் தடையில்லை. தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து வரும் பிறையும் 33 பாகை வரை சாய்ந்து வடகோடு தூக்கித்தான் நிற்கும். பொங்கலை ஒட்டிய பிறைகளில் சாய்வு கரைந்துபோகும்.

சென்னையின் அட்சரேகைக்குக் கணக்கிட்டால், சராசரியாக ஜனவரி 20-ஐ ஒட்டியும் மே 20-ஐ ஒட்டியும் பிறை மட்டமாக இருக்கும். நடுவில் உள்ள நான்கு மாதம் தென்கோடு உயர்வு. மற்ற எட்டு மாதம் வடகோடு உயர்வு. கன்னியாகுமரியில் தென்கோட்டுக் காலம் சற்று நீளும்; ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே தொடங்கி ஜூன் தொடக்கம் வரை போகும்.

பிறை பார்த்து நோன்பு தொடங்குவோருக்கும் இந்தக் கணக்கு உதவும். இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் ரமலான் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 2008-இல் ரமலான் செப்டம்பரில் வந்தது. அப்போது பிறையைச் சூரியன் மறைந்த இடத்துக்கு இடப்பக்கம் தள்ளித் தாழ்வாகத் தேட வேண்டியிருந்தது. 2025, 2026 ஆண்டுகளில் ரமலான் மார்ச்சை ஒட்டி வந்தது. அந்தப் பருவத்தில் சூரியன் மறைந்த புள்ளிக்கு மேலே, அல்லது சற்று வலப்பக்கம் தேடுவதே முறை. மெல்லிய முதல் பிறை சில நிமிடங்களே தெரியும். எந்தப் பக்கம் பார்ப்பது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த நிமிடங்கள் வீணாகாது.

மேலே 'பொதுவாக', 'சராசரியாக' என்று திரும்பத் திரும்பச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. சந்திரன் சூரியனின் பாதையில் அப்படியே போவதில்லை. அதன் பாதை 5 பாகைக்குச் சற்று மேல் விலகியிருக்கிறது. 5 பாகை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மூன்றாம் பிறை சூரியனிலிருந்து 30 பாகை தூரத்தில்தான் இருக்கிறது. அந்தக் குறுகிய தூரத்தில் பக்கவாட்டில் 5 பாகை விலகினால் சாய்வு 10 பாகை மாறிவிடும். முதல் பிறைக்கு இன்னும் அதிகம். இந்த விலகலின் திசை 18.6 ஆண்டுச் சுழற்சியில் மாறிக்கொண்டே போகிறது. பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று குறிக்கப்படுபவை இந்த இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள். அவை ராசி மண்டலத்தைச் சுற்றி வர ஆகும் காலம்தான் இந்த 18.6 ஆண்டு.

2020 மார்ச்சில் சந்திரன் சூரியப் பாதைக்குத் தெற்கே 5 பாகை அளவு விலகியிருந்தது. மார்ச்சுக்கு உரிய பத்துப் பாகைத் தென்கோட்டு உயர்வை அது அப்படியே சமன் செய்துவிட்டது. ஊரடங்கின் முதல் மாலைகளில் பிறை அத்தனை மட்டமாக நின்றதற்குக் காரணம் இதுதான். 2029 மார்ச்சில் விலகல் வடக்கே இருக்கும். அந்த மாதத்து மூன்றாம் பிறையின் தென்கோடு சென்னையில் 20 பாகை வரை உயரும். ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மாடியிலிருந்து ஒரே மாதத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது இந்த நூலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. 2020-இல் யாராவது வீட்டில் படமெடுத்திருந்தால் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மழைக் கணக்கும் கோட்டுக் கணக்கும்

எந்தக் கோடு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து மழையையும் விளைச்சலையும் சொல்வது கிராமங்களில் பழைய வழக்கம். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலும் படகு, கலப்பை, வில் என்று பிறையின் வடிவங்களுக்குப் பெயர் வைத்துப் பலன் சொல்லும் பகுதி உண்டு. இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது சுலபம். ஒதுக்குவதற்கு முன் கணக்கைப் பார்ப்பது நியாயம்.

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அதில் கிடைக்கிறது. வடகோடு உயரும் காலம் ஜூன் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை என்று மேலே பார்த்தோம். தென்கோடு உயர்வது வறண்ட மாதங்களில். ஆக, வடகோடு உயர்ந்தால் மழைக்காலம் என்பது இந்த மண்ணில் உண்மையான கவனிப்பு. வானத்தை ஆண்டாண்டாகப் பார்த்தவர்கள் கண்ட பொருத்தம் அது. அச்சுச் சாய்வு பருவத்தை உண்டாக்குகிறது, அதே சாய்வு பிறையைத் திருப்புகிறது; ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் சேர்ந்து வருவதில் வியப்பில்லை.

பிழை எங்கே என்றால், இந்த வருடம் கோடு கூடுதலாக உயர்ந்திருக்கிறது, அதனால் மழையும் கூடும் என்று நீட்டிக்கொள்ளும் இடத்தில். வருடத்துக்கு வருடம் தெரியும் வேறுபாடு சந்திரப் பாதையின் அந்த 5 பாகை விலகலால் வருவது. அதைப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். கடலின் வெப்பமும் காற்றின் போக்கும் தீர்மானிக்கும் மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிறை மாதத்தைச் சரியாகச் சொல்லும். அந்த மாதத்தில் ஏரி நிறையுமா என்பது அதற்குத் தெரியாது. ஐரோப்பிய நாட்டுப்புறத்தில் படகுப் பிறையைப் பார்த்து இரண்டு எதிரெதிர் ஆரூடங்கள் இருந்தன என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. நீரைச் சிந்தாமல் பிடித்து வைத்திருக்கிறது, ஆகவே வறட்சி என்றார்கள் சிலர்; நீர் நிறைந்திருக்கிறது, ஆகவே மழை என்றார்கள் வேறு சிலர்.

இந்திய வானியல் நூலோர் பலனோடு நின்றுவிடவில்லை. கோடு எத்தனை உயரும் என்பதைக் கணக்கிடும் முறைக்கே 'சிருங்கோன்னதி' என்று பெயர். சிருங்கம் என்றால் கொம்பு, உன்னதி என்றால் உயர்வு. சூரிய சித்தாந்தத்தின் பத்தாம் அத்தியாயம் இதைப் பேசுகிறது. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் இதற்குத் தனி அத்தியாயம் உண்டு. கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி 1500-ஐ ஒட்டி எழுதிய தந்திரசங்கிரகத்தின் எட்டாவது, கடைசி அத்தியாயம் முழுக்க இதுதான். சூரியனின் இடம், சந்திரனின் இடம், ஊரின் அட்சரேகை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, பிறை எப்படித் தெரியும் என்று தரையில் வரைந்து காட்டும் அளவுக்கு அந்த மரபு வளர்ந்திருந்தது. கோள்கணக்கு சரியா தவறா என்று எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணாலேயே சோதிக்க முடிந்த சில இடங்களில் பிறையின் கோடும் ஒன்று.

அளக்கும் முறை

கைப்பேசிக் கேமராவே போதுமானது. சூரியன் முழுக்க மறைந்து இருபது நிமிடமாவது கழிந்த பிறகு தொடங்க வேண்டும்; அதற்கு முன் மேற்கே உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. படத்தில் பிறையோடு செங்குத்தான ஏதாவது ஒன்று விழ வேண்டும்: கட்டடத்தின் மூலை, விளக்குக் கம்பம், அல்லது கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு நூல். எது மேல், எது கீழ் என்று பிறகு சந்தேகம் வராமல் இருக்க இதுதான் வழி. பிறை படத்தின் நடுவே இருக்கட்டும். ஓரத்தில் விழுந்தால் லென்ஸ் கோட்டை வளைத்துவிடும். திரையில் பிறையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால்தான் நுனிகள் கூர்மையாக வரும். இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டாகப் பதியும்.

அச்செடுத்த படத்தில் இரண்டு நுனிகளையும் ஒரு கோட்டால் சேர்த்து, அது கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை என்று ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியால் அளக்க வேண்டும். மூன்று நான்கு பாகை முன்பின்னாக வருவது இயல்பு. தேதி, நேரம், எந்தக் கோடு உயர்வு, எத்தனை பாகை: நோட்டில் இந்த நான்கும் இருந்தால் போதும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் படத்துக்குப் பதிலாக ஒரு கடிகார வட்டம் வரைந்து, வயிறு காட்டும் மணியை மட்டும் குறிக்கச் சொன்னாலும் ஆறு மாதத்தில் மாற்றம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் ஒரே திதியில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ ஒரே உயரத்தில் பார்ப்பது அவசியம். காரணம், ஒரே நாளுக்குள்ளேயே சந்திரன் வானத்தில் புரண்டுகொள்கிறது. இதை அஷ்டமியன்று எளிதில் பார்க்கலாம். வளர்பிறை அரைநிலவு நண்பகலை ஒட்டிக் கிழக்கே உதிக்கும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பார்த்தால் ஒளிர்ந்த பாதி மேலே இருக்கும், கவிழ்த்த கிண்ணம் போல. மாலையில் அது தலைக்கு மேலே, ஒளிப்பக்கம் மேற்கு நோக்கி. நள்ளிரவில் மேற்கே இறங்கும்போது ஒளிர்ந்த பாதி கீழே, நிமிர்த்திய கிண்ணம். சூரியனைப் பார்த்த பக்கம் மாறவேயில்லை. பார்ப்பவரின் மேல் கீழ்தான் திரும்பியிருக்கிறது. தமிழ்நாடு போல வெப்ப மண்டலத்தில் இந்தப் புரட்டு முழுமையாகத் தெரியும். லண்டனில் நிலவு தெற்கு வானத்தில் தாழ்வாகவே கடந்து போவதால் இவ்வளவு புரளாது.

வில் அம்பு விதியைச் சோதிப்பவர்களுக்கு ஓர் இடத்தில் குழப்பம் வரலாம். தசமி, ஏகாதசி மாலைகளில் கிழக்கே நிலவும் மேற்கே சூரியனும் ஒன்றாக இருக்கும்போது, நிலவின் ஒளிப்பக்கம் சூரியனைக் காட்டாமல் அதற்கு மேலே எங்கோ வெற்று வானத்தைக் காட்டுவது போலத் தோன்றும். விதி தவறவில்லை. வானம் கூரை போலக் கவிந்து தெரிவதால் நேர்க்கோடு வளைந்ததாக நமக்குப் படுகிறது. ஒரு நூலை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்து, கண்ணுக்கு முன்னால் அதன் ஒரு முனையை நிலவின் மேல் வைத்து மறுமுனையைச் சூரியன் இருக்கும் பக்கம் கொண்டுபோனால், அம்பு நூலோடு ஒட்டிப் போவது தெரியும். சூரியன் கட்டடத்தின் பின்னால் மறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து இதைச் செய்வது பாதுகாப்பு.

விடியலில் எழுபவர்களுக்குத் தேய்பிறை இருக்கிறது. அங்கே மாதங்கள் இடம் மாறிக்கொள்ளும். விடியற்பிறை நிற்பது சூரியன் போன மாதம் இருந்த இடத்தில். செப்டம்பரில் அந்த இடம் வடக்கே இருக்கும். எனவே விடியலின் படகுப் பிறை புரட்டாசியை ஒட்டி வருகிறது. மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, விடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் கிழக்கே பார்த்தால் கிடைக்கும் காட்சி அதுதான். பங்குனி விடியலில் பிறை வலப்பக்கம், தெற்கே தள்ளி, வடகோட்டைத் தூக்கி நிற்கும். கிழக்கு நோக்கி நிற்பவருக்கு இடக்கைப் பக்கம் வடக்கு என்பதை மறக்கக் கூடாது.

படம் வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்க் குழந்தைகளுக்கான புத்தகங்களில் மாலை வானத்துப் பிறை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும் அரிவாளாகவே வரையப்படுகிறது. அது வடக்கு நாடுகளின் பிறை. தஞ்சாவூரிலோ மட்டக்களப்பிலோ தென்னந்தோப்புக்கு மேல் தெரியும் மூன்றாம் பிறை அப்படி நிற்பதே இல்லை. மிக அதிகம் சாயும் ஆவணியில்கூட அது சரிந்த படகுதான். நள்ளிரவுக் காட்சியில் மூன்றாம் பிறையை வரைவதும் தவறு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரவு எட்டரைக்குள் அது மறைந்துவிடும். குழந்தை புத்தகத்தில் பார்த்ததை வானத்தில் தேடும். அங்கே வேறு வடிவம் தெரிந்தால், தான் பார்த்ததுதான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். அது நேரக் கூடாது.

தொடங்குவதற்கு ஏற்ற மாலைகள் இரண்டு: யுகாதிக்குப் பிறகு வரும் மூன்றாம் பிறையும், விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய மாலையும். முதலாவது 6 மணியின் பக்கம், இரண்டாவது ஐந்தைத் தாண்டி. ஒரே மாடி, ஒரே கம்பம், ஒரே நோட்டு. ஆவணியில் மேகம் மறைத்தால் அடுத்த மாதம் நவராத்திரியின் இரண்டாம் அல்லது மூன்றாம் மாலை மேற்கே பார்க்கலாம். கொலு வீட்டுக்குப் போகும் வழியில் தெருமுனையில் ஒரு நிமிடம் நின்றாலே போதும். வடகோடு உயர்ந்த அதே சாய்வு அங்கே காத்திருக்கும்.